மொய் எழுதும் பக்கமும் ரசீது காட்டும் பக்கமும்

வெப் புரோகிராமிங் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் இரண்டாவது வாரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்தில் படிவம் வைத்தாயிற்று. பெயர் கேட்கிறது, ஊர் கேட்கிறது, கீழே ஒரு பட்டன். அழுத்தினால் அடுத்த பக்கம் வருகிறது. ஆனால் நிரப்பிய பெயரை அங்கே காணோம். "இந்தப் பக்கத்தில் இருக்கிற வேரியபிளை அந்தப் பக்கத்துக்கு எப்படி அனுப்புவது?" என்று கேட்பார்கள். வேரியபிள் என்றால் நிரல் ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்திருக்கும் இடம்.

கேள்வியே கொஞ்சம் கோணல். பக்கத்துக்கும் பக்கத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பிஎச்பி போன்ற மொழியில் எழுதியிருந்தால், முதல் பக்கத்தை உருவாக்கிய நிரல் அதை பிரவுசருக்குக் கொடுத்த கையோடு சர்வரில், அதாவது தளம் இருக்கும் கணினியில், முடிந்துபோகிறது. அதன் வேரியபிள்களும் அதோடு போயின. நீங்கள் பெயரை டைப் செய்துகொண்டிருக்கும்போது சர்வரில் உங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. பட்டனை அழுத்தினால் பிரவுசர் புதிதாக ஒரு கோரிக்கையை அனுப்புகிறது, அதை வாங்க புதிதாக ஒரு நிரல் எழுந்து வருகிறது. முந்தைய நிரலை அது பார்த்ததே இல்லை.

விளக்க எனக்கு வசதியான உதாரணம் மொய். மதுரை, தேனி பக்கம் விசேஷ வீடுகளில் இப்போது நோட்டுக்குப் பதில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மொய் எழுதுகிறார்கள். எழுதியதும் ரசீதும் கையில் வந்துவிடுகிறது. அதையே வெப்பில் செய்கிறோம் என்று வையுங்கள். முதல் பக்கத்தில் பெயர், ஊர், தொகை. அடுத்த பக்கத்தில் ரசீது: "முருகேசன், உசிலம்பட்டி, ரூ.501, நன்றி." இவ்வளவுதான் வேலை. இதற்குள் எத்தனை குழி இருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் மொய் எழுதுகிறவரைப் பற்றி. நம் ஊரில் மொய் எழுதுகிறவருக்கு ஊரே மனப்பாடம். ஆளைப் பார்த்ததும் "இவர் அப்பா பேரைப் போட்டு எழுதணும்" என்று சொல்லிவிடுவார். வெப் சர்வர் அதற்கு நேர் எதிர். ஒருவருக்கு எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தினால் எல்லாம் மறந்துபோயிருக்கும். அதே ஆள் மறுநிமிடம் வந்து நின்றாலும் "நீங்க யாரு?" என்றுதான் கேட்கும். இது பிழையல்ல, பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபியை வடிவமைத்ததே இப்படித்தான். 1991 வாக்கில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் வடிவத்தில் ஒரு ஆவணத்தைக் கேட்பது, வாங்குவது, இணைப்பைத் துண்டிப்பது என்பதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்ள அது போதும். படிவம், கடை, வங்கி எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை.

சரி, படிவத்துக்கு வருவோம். படிவத்தில் ஆக்‌ஷன் என்ற இடத்தில், அனுப்ப வேண்டிய முகவரியை எழுதுகிறோம். மெதட் என்ற இடத்தில், எந்த வழியாக அனுப்புவது என்று சொல்கிறோம். ஒவ்வொரு பெட்டிக்கும் நேம் என்று ஒரு பெயர் கொடுக்கிறோம். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பாதிப்பேர் விழுகிறார்கள். பெட்டிக்கு ஐடி மட்டும் கொடுத்து நேம் கொடுக்காமல் விட்டால், திரையில் எல்லாம் அழகாக இருக்கும். ஆனால் பிரவுசர் அந்தப் பெட்டியை அனுப்பவே அனுப்பாது. ஐடி என்பது பக்கத்துக்குள் ஜாவாஸ்கிரிப்டும் வடிவமைப்பும் அடையாளம் காண்பதற்கு. சர்வருக்குப் போவது நேம் உள்ளவை மட்டும். அதேபோல டிக் செய்யாத செக்பாக்ஸ் "இல்லை" என்று போகாது, போகவே போகாது. டிசேபிள் செய்த பெட்டியும் அப்படியே. "தரவு வரவில்லை" என்று ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

மெதட்டில் கெட், போஸ்ட் என்று இரண்டு. கெட் போட்டால் நிரப்பியதெல்லாம் முகவரியிலேயே கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும். தமிழ்ப் பெயராக இருந்தால் வேடிக்கையாக இருக்கும். எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாறும். "முருகேசன்" என்பது நம் கணக்கில் ஐந்தெழுத்து. ஆனால் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் கணினிக்குத் தனித்தனி என்பதால் அதற்கு ஒன்பது குறிகள். முகவரியில் அது 81 எழுத்தாக நீளும். தமிழ் விக்கிப்பீடியா கட்டுரையின் இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டி, அனுமார் வால் மாதிரி நீள்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான். பயப்பட ஒன்றுமில்லை, மறுமுனையில் சர்வர் திரும்பத் தமிழாக்கிக்கொள்ளும்.

நீளத்தைவிடப் பெரிய விஷயம், முகவரியில் போனது பல இடங்களில் தங்கிவிடும் என்பது. பிரவுசர் ஹிஸ்டரியில் இருக்கும், சர்வரின் லாக் கோப்பில் இருக்கும், யாராவது இணைப்பைக் காப்பி செய்து அனுப்பினால் அதோடும் போகும். தேடல் பெட்டிக்கு இது நல்லதுதான். தேடிய முடிவை நண்பருக்கு அனுப்ப முடிகிறதே. மொய்த் தொகைக்கும் கடவுச்சொல்லுக்கும் நல்லதல்ல.

போஸ்ட் போட்டால் தரவு முகவரியில் தெரியாது, கோரிக்கையின் உடலுக்குள் போகும். தெரியாது என்பதால் ரகசியம் என்று நினைக்க வேண்டாம். தரவைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் இல்லாவிட்டால் வழியில் நிற்கும் யாரும் இரண்டையும் ஒரே மாதிரி படிக்கலாம். கெட், போஸ்ட் இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் வேறு. கெட் என்றால் "காட்டு", போஸ்ட் என்றால் "செய்". காட்டச் சொல்லும் கோரிக்கை எத்தனை முறை வந்தாலும் எதுவும் மாறக் கூடாது. இதைக் காற்றில் விட்டவர்கள் 2005-இல் பட்டார்கள். பக்கத்தில் இருக்கும் இணைப்புகளை முன்கூட்டியே இறக்கி வைத்து வேகப்படுத்தும் வெப் ஆக்சிலரேட்டர் என்ற மென்பொருளை கூகுள் அந்த ஆண்டு வெளியிட்டது. சில வெப் செயலிகளில் "அழி" என்பதையும் சாதாரண இணைப்பாக, அதாவது கெட்டாக, வைத்திருந்தார்கள். அந்த மென்பொருள் அதையும் சமர்த்தாகத் தொட்டுவிட்டு வந்தது. ஆட்கள் எதையும் அழுத்தாமலே அவர்கள் தரவு காணாமல் போயிற்று. மொய் எழுதுவது "செய்" வகை. ஆகவே போஸ்ட்.

இப்போது நிரப்பியது சர்வருக்கு வந்துவிட்டது. பிஎச்பியில் போஸ்ட் என்ற பெயருள்ள அணியிலும் (அரே), மற்ற மொழிகளில் ரெக்வெஸ்ட் என்ற பொருளிலும் (ஆப்ஜெக்ட்) அது உட்கார்ந்திருக்கும். எடுத்து, டேட்டாபேஸில் எழுதி, அங்கேயே "முருகேசன், நன்றி" என்று அச்சிட்டால் ரசீது வந்துவிடும். பாடம் சொல்லும் பல வீடியோக்கள் இந்த இடத்தோடு முடிந்துவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் வில்லங்கம் ஆரம்பிப்பதே இங்கேதான்.

ரசீது திரையில் இருக்கிறது. மொய் எழுதுகிறவர் கை சும்மா இருக்காமல் ரெஃப்ரெஷ் அழுத்துகிறார். பிரவுசரைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் ஒரு போஸ்ட்டின் பதில். திரும்பக் காட்ட வேண்டுமென்றால் அந்த போஸ்ட்டைத் திரும்ப அனுப்ப வேண்டும். "படிவத்தை மீண்டும் அனுப்பவா?" என்று ஒரு பெட்டி வரும். அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? சரி என்று தட்டுவார். முருகேசன் பெயரில் இன்னொரு 501 ஏறிவிடும். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். இரண்டு வருடம் கழித்து முருகேசன் வீட்டு விசேஷத்தில் 1,002 ரூபாய் வைத்துவிட்டு வருவார் இந்த வீட்டுக்காரர். பணம் கட்டும் தளங்களில் "பேக் பட்டனை அழுத்தாதீர்கள், ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள்" என்று சிவப்பு எழுத்தில் கெஞ்சுவார்களே, அந்தக் கெஞ்சலுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதே பயம்தான்.

இதற்கு மருந்து பழையது, எளியது. போஸ்ட் வந்ததும் டேட்டாபேஸில் எழுதுங்கள். ஆனால் பதிலாகப் பக்கத்தைக் கொடுக்காதீர்கள். "வேலை முடிந்தது, ரசீதைப் பார்க்க இந்த முகவரிக்குப் போ" என்று மட்டும் சொல்லுங்கள். இதற்கென்றே 303 என்ற பதில் எண் இருக்கிறது. அதைப் பார்த்ததும் பிரவுசர், நீங்கள் எதையும் அழுத்தாமலே, அந்த முகவரிக்கு கெட் கோரிக்கை அனுப்பும். திரையில் வருவது இப்போது கெட்டின் பதில். ரெஃப்ரெஷை நூறு முறை அழுத்தினாலும் ரசீதுதான் திரும்பத் திரும்ப வரும், மொய் ஏறாது. போஸ்ட், ரீடைரக்ட், கெட் என்று மூன்றையும் சேர்த்தே இந்த முறையைச் சொல்வார்கள். பிஎச்பியில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: போக வேண்டிய முகவரியைச் சொல்லும் லொக்கேஷன் ஹெடரை அனுப்பிய வரிக்குக் கீழேயே, நிரலை நிறுத்தும் எக்சிட் எழுதுங்கள். எழுதாவிட்டால் பிரவுசரைப் போகச் சொல்லிவிட்டு நிரல் பாட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் இது தடுக்காது. மண்டபத்தில் சிக்னல் மந்தம், பதில் வர நேரமாகிறது, பொறுமையில்லாமல் பட்டனை இரண்டு முறை தட்டிவிட்டார் என்றால் போஸ்ட்டே இரண்டு போய்விடும். அதற்கு, படிவத்தைக் காட்டும்போதே அதற்குள் யூகிக்க முடியாத ஒரு எண்ணை மறைத்து வையுங்கள். டேட்டாபேஸில் மொய் பதிவாகும் அட்டவணையில் அந்த எண்ணுக்கு யுனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி, போட்டுவிட்டால் இரண்டாவது வரவை டேட்டாபேஸே திருப்பி அனுப்பிவிடும்.

அப்புறம்தான் அசல் கேள்வி. ரீடைரக்ட் செய்ததும் ரசீதுப் பக்கத்துக்குப் புதிய நிரல் எழுந்து வருகிறது. அதன் கையில் போஸ்ட் தரவு இல்லை. வந்திருப்பது வெறும் கெட். முருகேசனும் தெரியாது, 501-உம் தெரியாது. இப்போது எப்படிக் கொண்டுபோவது?

புதியவர்கள் உடனே செய்வது, எல்லாவற்றையும் முகவரியில் ஒட்டுவது: பெயர், ஊர், தொகை எல்லாம் கேள்விக்குறிக்குப் பின்னால். வேலை செய்யும். ஆனால் முகவரிப் பட்டியில் 501-ஐ 5,001 என்று மாற்றி எண்டர் தட்டினால் 5,001-க்கு ரசீது வரும். ஹிட்டன் ஃபீல்டில் வைத்தால் மாற்ற முடியாது என்று சிலர் நம்புகிறார்கள். ஹிட்டன் என்றால் திரையில் தெரியாது, அவ்வளவுதான். எஃப்12 அழுத்தி பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறக்கத் தெரிந்த எந்தப் பையனும் அதை மாற்றிவிடுவான். பிரவுசரிடமிருந்து திரும்பி வருவதெல்லாம் பிறர் சொன்ன சொல்தான். கேட்டுக்கொள்ளலாம், விசாரிக்காமல் நம்பக் கூடாது.

ஆகவே சரக்கைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். சரக்கு ஏற்கெனவே டேட்டாபேஸில் இருக்கிறது. மொய் வரிசை எண் 347 என்றால் ரீடைரக்ட் முகவரியில் ரசீது எண் 347 என்று மட்டும் போட்டால் போதும். ரசீதுப் பக்கம் அந்த எண்ணைக் கொண்டு டேட்டாபேஸைக் கேட்டு எடுத்துக்கொள்ளும். தொகையை மாற்ற வழியில்லை, ஏனென்றால் தொகை பயணமே செய்யவில்லை. தரவை எப்படி அனுப்புவது என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்வது இதைத்தான்: முடிந்தவரை அனுப்பாதீர்கள், சீட்டை மட்டும் அனுப்புங்கள்.

சீட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. என் ரசீது 347 என்றால், 346-ஐப் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்காதா? பங்காளி எவ்வளவு வைத்தார் என்று தெரிந்துகொள்ள இதைவிட லேசான வழி உண்டா? சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அமெரிக்காவில் சொத்துப் பதிவுக் காப்பீடு செய்யும் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தின் தளத்தில் 2019-இல் வெளிவந்தது இதே ஓட்டைதான். முகவரியில் இருந்த ஆவண எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றினால் முன்பின் தெரியாதவரின் ஆவணம் திறந்தது. கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. சுமார் 88.5 கோடி ஆவணங்கள் அப்படித் திறந்து கிடந்ததாக அப்போது செய்தி வந்தது. எண்ணைக் கேட்பவர் அதைப் பார்க்க உரிமையுள்ளவர்தானா என்று ரசீதுப் பக்கம் சோதிக்க வேண்டும். வரிசை எண்ணுக்குப் பதில் யூகிக்க முடியாத நீளமான குறியீட்டைப் போடுவது கூடுதல் பாதுகாப்பு, ஆனால் அது சோதனைக்கு மாற்று ஆகாது.

சோதிப்பதென்றால் வந்திருப்பவர் யார் என்று தெரிய வேண்டும். மறதிக்கார சர்வருக்கு அது எப்படித் தெரியும்? 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் இருந்த லூ மோன்டுல்லி இதற்குத்தான் குக்கியைக் கொண்டுவந்தார். சர்வர் ஒரு சிறு துண்டுச் செய்தியை பிரவுசரிடம் கொடுத்து வைக்கும். பிரவுசர் அந்தத் தளத்துக்குப் போகும்போதெல்லாம் அதைக் கூடவே எடுத்துப்போய்க் காட்டும். ஒரு குக்கியில் ஏறத்தாழ 4 கேபிதான் பிடிக்கும், அதையும் பயனர் மாற்றிவிடலாம். அதனால் அதற்குள் தரவை வைக்காமல் ஒரு அடையாள எண்ணை மட்டும் வைக்கிறோம். தரவு சர்வரில் அந்த எண்ணின் பெயரில் இருக்கும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் செஷன் என்று பெயர்.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது எண் போட்ட தகர வில்லை. செருப்பு உள்ளே ரேக்கில் இருக்கிறது. வில்லையைப் பார்த்து உங்கள் செருப்பு எந்த நிறம் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வில்லையைப் பறிகொடுத்தால் செருப்பும் போயிற்று. செஷன் எண்ணும் அப்படியே. அதனால்தான் அதை எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் அனுப்பச் சொல்கிறோம், ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி எச்டிடிபி-ஒன்லி என்று குறிக்கிறோம்.

செஷனில் வைத்தால் எல்லாப் பக்கத்திலும் கிடைக்கிறது என்று தெரிந்ததும், உள்ளதையெல்லாம் அதில் கொட்டும் ஆசை வரும். வேண்டாம். மணமகன் வீட்டு மொய்யை பிரவுசரின் ஒரு டேபிலும் மணமகள் வீட்டு மொய்யை இன்னொரு டேபிலும் ஒரே லேப்டாப்பில் திறந்து வைத்திருக்கிறார் என்று வையுங்கள். இரண்டு டேபுக்கும் செஷன் ஒன்றுதான். "இப்போது எந்த வீடு" என்பதைச் செஷனில் வைத்திருந்தால், கடைசியாகத் திறந்த டேப் முந்தையதை அழித்து எழுதியிருக்கும். மாப்பிள்ளையின் தாய்மாமன் வைத்த மொய் பெண் வீட்டுக் கணக்கில் ஏறும். அதற்குமேல் நடப்பது புரோகிராமிங் சம்பந்தப்பட்டதல்ல. எந்த வீடு என்பது அந்தந்தப் படிவத்தோடு போக வேண்டிய தகவல். யார் உள்ளே நுழைந்திருக்கிறார் என்பது செஷனுக்குரிய தகவல். ஆயுளையும் கவனியுங்கள். பிஎச்பியின் இயல்பான அமைப்பில் 1,440 வினாடி, அதாவது 24 நிமிடம், தொடாமல் விட்ட செஷனை எப்போது வேண்டுமானாலும் துடைத்துவிடலாம் என்று கணக்கு. பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு, பாயசம் வாங்கி வருவதற்குள் செஷன் போயிருக்கும்.

தமிழில் எழுதுகிறவர்களைத் தனியாகத் தொல்லைப்படுத்தும் பிழை ஒன்று. செஷன் தொடங்கும் வரி, பக்கத்தில் ஒரு எழுத்துகூட வெளியே போவதற்கு முன்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன" என்று எச்சரிக்கை வரும். முதல் வரியில்தான் வைத்திருக்கிறேன், மேலே ஒன்றுமே இல்லை என்று நானும் ஒரு நாள் முழுக்கத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். பழைய விண்டோஸ் நோட்பேட், கோப்பை யுடிஎஃப்-8-இல் சேமிக்கும்போது தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டைச் சேர்த்துவிடும். பிஓஎம் என்பார்கள். தமிழ் எழுத்து இருப்பதால் யுடிஎஃப்-8-இல் சேமித்தே ஆக வேண்டும், சேமித்தால் இது ஒட்டிக்கொள்ளும். எடிட்டரில் பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் தீர்ந்தது.

"மொய் பதிவாகிவிட்டது" என்று ஒருமுறை மட்டும் பச்சைப் பட்டையில் தோன்றி மறையும் செய்திக்கு செஷன் மிகப் பொருத்தம். எழுதும்போது செஷனில் வைத்து, ரசீதுப் பக்கத்தில் காட்டிய உடனே அழித்துவிட வேண்டும். ஃப்ளாஷ் மெசேஜ் என்று சொல்வார்கள். வெப் செயலி எழுத உதவும் லாரவெல், ஜாங்கோ என்ற கட்டமைப்புகள் இரண்டிலும் தயாராகவே இருக்கிறது.

பிரவுசருக்குள்ளேயே வைக்கும் லோக்கல் ஸ்டோரேஜ், செஷன் ஸ்டோரேஜ் என்று இரண்டு உண்டு. பின்னது அந்த டேபோடு போய்விடும். இரண்டும் சர்வருக்குத் தானாகப் போகாது. பாதி நிரப்பிய படிவம் கரண்ட் போனாலும் அழியாமல் இருக்க வேண்டுமென்றால் லோக்கல் ஸ்டோரேஜ் நல்ல இடம். ரசீதுத் தொகைக்கு அது இடமல்ல. காரணம் மேலே சொன்னதுதான்.

பெயரை ரசீதில் அச்சிடும்போது அப்படியே அச்சிடாதீர்கள். பெயர்ப் பெட்டியில் ஒருவர் ஸ்கிரிப்ட் டேக் போட்டு ஜாவாஸ்கிரிப்ட் எழுதியிருந்தால், ரசீதைத் திறக்கிறவர் பிரவுசரில் அது ஓடும். <, > என்ற கோணக்குறிகளை வெறும் எழுத்தாக மாற்றித் தரும் ஃபங்ஷன் எல்லா மொழியிலும் இருக்கிறது, அதன் வழியாகவே அச்சிடுங்கள்.

எழுதி முடித்ததும் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து வையுங்கள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனாலும் பட்டியல் அழியாமல் இருக்கும்படி அதில் ஒரு டிக் உண்டு, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். முதல் வரியில் போஸ்ட், பதில் 303. அடுத்த வரியில் கெட், பதில் 200, அதாவது எல்லாம் சரி. ரெஃப்ரெஷ் அழுத்துங்கள், கெட் மட்டும் திரும்ப வர வேண்டும். முகவரியில் எண்ணை மாற்றிப் பாருங்கள், உள்ளே விடக் கூடாது. கடைசியாக டேட்டாபேஸைத் திறந்து முருகேசன் பெயர் எத்தனை தடவை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு வரி, 501 ரூபாய்.